நிய்யத்துக்குப் பிறகு என்ன?

 

அறக்கட்டளைப் பேச்சு என்றால் அதை நிறுவியவரின் பெருமையில் தொடங்குவதுதான் வழக்கம். குடும்பத்தார் அதை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். நல்லது. அவரை விட்டுவிட்டு அவர் செய்துவைத்த ஏற்பாட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஒரு மனிதர் தன் காணியில் ஒரு பங்கை, கடை வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, முதலில் கைவைக்கக் கூடாது, வரும்படி மட்டும் இன்ன காரியத்துக்கு என்று எழுதி வைக்கிறார். தான் உயிரோடு இருக்கப்போகாத வருடங்களை மனதில் வைத்து எழுதும் எழுத்து அது. நம் நாட்டில் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் இதற்கு ஒரு சபையையும் பதிவேட்டையும் தந்தது. மார்க்கம் அதற்கும் முன்பே இதை ஸதகா ஜாரியா என்று சொல்லி, மனிதன் இறந்த பின்னும் அவன் கணக்கில் வரவு வைக்கப்படும் மூன்றில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. இதைப் பற்றி நம் மிம்பர்களில் நிறையப் பேசியாகிவிட்டது.

ஆனால் அந்தக் கணக்கில் வரவு மட்டுமா ஏறும்? மையித்து வீட்டில் உட்கார்ந்து யாசீன் ஓதாத முஸ்லிம் ஊர் சப்ரகமுவாவில் இல்லை. அந்தச் சூராவின் 12ஆம் வசனத்தைக் கடந்துதான் ஒவ்வொரு தடவையும் போகிறோம். மனிதர்கள் முற்படுத்தி அனுப்பியதை மட்டுமல்ல, அவர்கள் விட்டுச் சென்ற தடங்களையும் எழுதி வைப்பதாக இறைவன் அதில் அறிவிக்கிறான். தடம் என்றால் நல்ல தடம் மட்டும் என்று அங்கே இல்லை. இறந்தவருக்காக ஓதும்போது அது அவருக்கு ஆறுதலாகவும் இருக்கலாம், எச்சரிக்கையாகவும் இருக்கலாம். ஓதுகிற நமக்கு எது என்று யாரும் கேட்பதில்லை.

நமக்குப் பழக்கமானது நிய்யத்து. புகாரியின் முதல் ஹதீஸே செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்பதுதான். மத்ரஸாவில் சேர்ந்த முதல் வாரத்தில் மனப்பாடம் செய்கிறோம். அந்த ஹதீஸின் மதிப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை நாம் அதைப் பயன்படுத்தும் விதத்தில். ஒரு காரியம் கெட்டுப்போய் நாலு பேர் வந்து கேட்டால், "என் நிய்யத்து சுத்தம் ஹஸ்ரத், அல்லாஹ் அறிவான்" என்று ஒரே வாக்கியத்தில் எழுந்து போய்விடுகிறோம். அல்லாஹ் அறிவான், சந்தேகமில்லை. தோட்டத்து வேலியை உடைத்துக்கொண்டு போன லொறியின் சாரதிக்கும் நிய்யத்து சுத்தம்தான். வேலியை யார் கட்டுவது?

கேகாலை மாவட்டத்துக்காரர்களுக்கு ஊத்துவன்கந்தையைத் தெரியும். கண்டி வீதியில் மாவனல்லைக்கு அண்மையில் நிற்கிற அந்தக் குன்றின் பெயரால்தான் சரதியேல் இன்றைக்கும் பேசப்படுகிறான். இருப்பவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுத்தான் என்பது கதை. அவனுடைய பெயரில் மாதிரிக் கிராமமே இருக்கிறது, பாடசாலைப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து பார்த்துப் போகிறார்கள். அவனோடு கடைசிவரை நின்ற மம்மலே மரிக்கார் நம்மவர். 1864 மார்ச் 21ஆம் திகதி அவர்களைப் பிடிக்கப் போன பொலிஸ் குழுவில் சூடு பட்டு இறந்த கொன்ஸ்டபிள் சபானும் நம்மவரே, மலாய் முஸ்லிம். இலங்கைப் பொலிஸ் தன் கடமையில் இழந்த முதல் மனிதர் என்று அவரைக் கணக்கிட்டு, இன்றும் ஒவ்வொரு மார்ச் 21ஆம் திகதியும் பொலிஸ் வீரர் தினம் கொண்டாடுகிறது. அதே வருடம் மே 7ஆம் திகதி சரதியேலும் மரிக்காரும் கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். ஏழைக்குக் கொடுக்கும் எண்ணம், நண்பனைக் கைவிடாத எண்ணம், இரண்டும் கதைக்கு அழகுதான். சபானின் வீட்டிலிருந்து பார்த்தால் கதை வேறு. நாட்டுப்புறக் கதைகள் நிய்யத்தின் பக்கம் சாயும். ஷரீஅத் அப்படிச் சாய்வதில்லை, சபானின் வாரிசுகளையும் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரிக்கும்.

அடுத்து நாவின் காரியத்துக்கு வருகிறேன். நமக்கு அண்மைக் காலத்தில் அதிக விலை வைத்தது இதுதான்.

ஒருவன் தன் பெற்றோரையே ஏசுவது பெரும்பாவங்களில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது தோழர்களுக்கு அது புரியவில்லை. தன் தாய் தகப்பனை எவன் ஏசுவான்? அடுத்தவனின் தகப்பனை இவன் ஏசுகிறான், அவன் திரும்ப இவனுடைய தகப்பனை ஏசுகிறான், இப்படித்தான் என்று விளக்கம் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, இரண்டாவது ஏச்சு அவன் வாயிலிருந்து வந்தது. இருந்தும் பாவம் முதலாமவன் கணக்கில் எழுதப்படுகிறது. அடுத்தவன் என்ன செய்வான் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் வாயைத் திறந்தேன் என்றால் அவன் செய்ததிலும் எனக்குப் பங்கு உண்டு. அல்-அன்ஆம் சூராவின் 108ஆம் வசனம் இதையே சமூகங்களுக்கு இடையில் வைக்கிறது. பிறர் வணங்குபவற்றை ஏசவேண்டாம், அவர்கள் அறியாமையால் வரம்பு மீறி அல்லாஹ்வை ஏசிவிடுவார்கள் என்ற தடை அது. தடைக்குக் காரணமும் கூடவே சொல்லப்பட்டிருக்கிறது. காரணம் முழுக்க முழுக்கப் பின்விளைவு.

2018 டிசம்பர் கடைசி வாரத்தில் மாவனல்லைப் பகுதியில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. விசாரணை சில முஸ்லிம் இளைஞர்களில் போய் நின்றது. அதைத் தொடர்ந்து போன பொலிஸார் 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் வெடிபொருட்களைக் கண்டுபிடித்தார்கள். ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்கள் என்ன கொண்டுவந்தன என்று இந்த மண்டபத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சிலையில் சுத்தியலை ஓங்கிய கைக்கும் ஒரு நிய்யத்து இருந்திருக்கும், தௌஹீதைக் காப்பாற்றுகிறோம் என்று. அந்த இளைஞர்களுக்கு அல்-அன்ஆம் 108 தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்திருக்கும். ஏசுவதைத்தானே தடுக்கிறது, உடைப்பதை அல்லவே என்று எழுத்தைப் பிடித்துக்கொண்டு பொருளைத் தாண்டிப் போயிருப்பார்கள் என்பது என் ஊகம். அதற்குப் பின் வந்த மாதங்களில் முக்காடு போட்ட பெண்கள் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் எதிர்கொண்ட பார்வையை அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த விசாரணைக்கு மாவனல்லை முஸ்லிம்களே ஒத்துழைத்தார்கள்.

இங்கே ஒரு குழியில் விழாமல் கவனமாகப் போகவேண்டும். 2001 மே மாதத் தொடக்கத்தில் அதே மாவனல்லையில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன. 1915இலும் சப்ரகமுவா எரிந்திருக்கிறது. கம்பளையில் பள்ளிவாசலைக் கடந்து பெரஹரா மேளத்தோடு போகலாமா என்ற வழக்கில், 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் தேவாலயத் தரப்புக்குச் சார்பாகவும் 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதற்கு எதிராகவும் தீர்ப்புச் சொன்னது. மே மாத வெசாக் இரவில் கண்டியில் பற்றிய நெருப்பு இந்த மாகாணம் வரை வந்தது. இதையெல்லாம் வைத்து, "பின்விளைவை யோசித்து வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாமே" என்று அடிவாங்கியவனிடம் போய்ப் பாடம் நடத்தும் சிலர் நம்மிடையே உண்டு. அது அநியாயம். கடையை எரித்தவனின் குற்றம் எரித்தவனுடையது. முறைப்பாடு செய்தவனுடையதல்ல. வழக்குப் போட்டவனுடையதுமல்ல. ஏச்சு ஹதீஸில் முதலாமவன் பிழைகாரனானது அவன் செய்ததே பிழை என்பதால். நியாயத்தைக் கேட்டவன் அந்தக் கணக்கில் வரமாட்டான்.

ஆனாலும் உரிமை இருக்கிறது என்பதும் இன்றைக்கே அதைப் பயன்படுத்துவது என்பதும் ஒன்றல்ல. கஃபாவை இப்ராஹீம் நபி போட்ட அத்திவாரத்தின்படி திருப்பிக் கட்ட நபியவர்களுக்கு ஆசை இருந்தது. மக்கா அவர்கள் கையில் இருந்தது, தடுக்க யாரும் இல்லை. ஆனால் குறைஷியர் இஸ்லாத்துக்குப் புதிதாக வந்தவர்கள், அவர்களின் மனம் திரும்பிவிடும் என்று ஆயிஷா நாயகியிடம் சொல்லி அதை அப்படியே விட்டுவிட்டார்கள். பின்னால் இப்னு ஸுபைர் அந்த ஆசையை நிறைவேற்றிக் கட்டினார், ஹஜ்ஜாஜ் அதை இடித்துப் பழையபடி கட்டினார். அப்பாஸிய கலீபா ஒருவர் மறுபடி மாற்ற நினைத்தபோது இமாம் மாலிக் தடுத்தார். ஒவ்வொரு ராஜாவும் வந்து இடித்துக் கட்டும் விளையாட்டுப் பொருளாகிவிடும் என்பது அவரது கவலை. சரியான கட்டடம் எது என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை, அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதிலும் சந்தேகம் இல்லை.

மாலிக்கின் மத்ஹபில் வந்தவர்தான் கிரனாடாவின் இமாம் ஷாதிபி, 1388இல் இறந்தவர். அல்-முவாஃபகாத் என்ற தன் நூலில், ஒரு செயல் எங்கே போய் முடியும் என்று பார்க்காமல் அதற்கு ஆகும், ஆகாது என்று தீர்ப்புச் சொல்ல முஜ்தஹிதுக்கு உரிமை இல்லை என்று விரிவாக நிறுவினார். ஆகுமான செயலும் கேட்டில் முடியுமானால் தடுக்கப்படலாம். நமது ஆலிம்கள் இப்போது இவரை அதிகம் படிக்கிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் இந்த நாட்டு முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபிகள். இமாம் ஷாஃபி இந்த விடயத்தில் கையை இறுக்கியே வைத்திருந்தார். வெளியில் தெரிவதைக் கொண்டு தீர்ப்புச் சொல், உள்ளத்தையும் ஊகத்தையும் அல்லாஹ்விடம் விடு என்பது அவர் போக்கு. "இவன் இதை வைத்து நாளை கெட்டது செய்வான்" என்ற சந்தேகத்தில் இன்றைய வியாபாரத்தை ரத்துச் செய்ய அவர் ஒப்பவில்லை. எனக்கு வயது ஏற ஏற ஷாஃபியின் அந்த எச்சரிக்கையும் பிடித்துத்தான் வருகிறது. பின்விளைவு, பின்விளைவு என்று சொல்லிப் பெண்பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்திய தகப்பன்மாரை நான் ஆசிரியராக இருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் ஷாதிபியைப் படித்தவர்கள் இல்லை, பயத்துக்கு மார்க்கத்தின் சட்டையைப் போட்டுவிட்டவர்கள்.

அப்படியானால் ஷாஃபி மத்ஹபில் பின்விளைவுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. அதைத் தேட தத்துவ நூலுக்குப் போகவேண்டியதில்லை. 1277இல் இறந்த இமாம் நவவியின் மின்ஹாஜை, நம் மத்ரஸாக்களில் ஓதுகிற அதே மின்ஹாஜை, நட்டஈட்டுப் பாடத்தில் திறந்தால் போதும். அங்கே இரத்தினபுரிக்காரனுக்கென்றே எழுதியதுபோல் ஒரு பகுதி கிடக்கிறது. குழி தோண்டியவனின் பொறுப்பு.

உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் அச்சில் வாசிக்கப்போகும் வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன். இந்த ஊரில் மாணிக்கக் குழி வயலில்தான் அதிகம், தேயிலை ரப்பர்க் காணிகளிலும் உண்டு. நீள்சதுரமாக வெட்டி, பாக்கு மரமும் ரப்பர் மரமும் குறுக்கே கொடுத்து, மண் சரியாமல் பக்கங்களில் கெக்கில்ல இலையைத் திணித்துத் திணித்து இறங்குவார்கள். அடியில் காற்று இருக்கிறதா என்று மெழுகுதிரியைக் கொளுத்தி இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். ஊறும் தண்ணீரை மெஷின் இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்கும். இல்லம் என்கிற கல்படை வந்ததும் அதை மேலே ஏற்றிக் குவித்து, ஒரு நல்ல நாளில் மூங்கில் வட்டியில் போட்டுக் கழுவுவார்கள். காணிக்காரர், லைசன்காரர், மெஷின்காரர், சாப்பாட்டுச் செலவு பார்த்தவர், உள்ளே இறங்கிய ஆட்கள் என்று எல்லோருக்கும் பங்கு உண்டு. பங்கைப் பற்றிய பேச்சு குழியில் மண்வெட்டி படுவதற்கு முன்பே முடிந்துவிடும்.

கல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒருநாள் மெஷின் நின்றுபோகும். அதன் பிறகுள்ள குழிக்குப் பங்குகாரர் இல்லை.

தோட்டம் ஒன்றில், லயத்தின் பின்புறம் அப்படி விட்டுப்போன ஒரு குழியைப் பார்த்தேன். மரங்களைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள், விறகுக்கு ஆகுமே. கரைகள் உள்வாங்கி வாய் அகன்றிருந்தது. தண்ணீர் பச்சையாக விளிம்புவரை நின்றதால் ஆழம் தெரியவில்லை. குறுக்கே ஒரு பழைய தகரத்தை யாரோ போட்டிருந்தார்கள், அதன் மேல் உடுப்புக் காய்ந்தது. பீலிக்குப் போகும் ஒற்றையடிப் பாதை குழியைச் சுற்றி வளைந்து போனது. பாதை முன்பு நேராகத்தான் போயிருக்கும். குழியில் பிள்ளை விழுமே என்று அங்கிருந்த அம்மாவிடம் கேட்டேன். "அதுக்குத்தான் தகரம் போட்டிருக்கோம் ஐயா" என்றார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபை லைசன் கொடுக்கும்போதே குழியை மூடுவதற்கு ஈடாக வைப்புப் பணம் வாங்கிக்கொள்கிறது. மூடினால் பணம் திரும்பும். மூடும் செலவைவிட வைப்புப் பணம் குறைவாகத் தெரிந்தால் மனிதன் என்ன செய்வான் என்று உங்களுக்கே தெரியும். லைசன் இல்லாமல் இரவில் தோண்டும் குழிகளுக்கு அந்த வைப்பும் இல்லை. மூடினாலும் ஒழுங்காக மூடுகிறார்களா என்பது இன்னொரு கேள்வி. மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கி வைத்து, கடைசியில் மேலே பரப்பினால்தான் வயல் திரும்பவும் வயலாகும். எல்லாவற்றையும் ஒன்றாகத் தள்ளி நிரவினால் சரளைக்கல் மேலே வந்து நெல் பிடிக்காது. கழுவிய சேறு ஓடையில் இறங்கி களு கங்கைக்குப் போகிறது. 2003 மே, 2017 மே வெள்ளங்களில் நாடு முழுவதும் இறந்தவர்கள் இருமுறையும் 200ஐத் தாண்டினார்கள், இரத்தினபுரி இருமுறையும் மூழ்கியது. வெள்ளத்துக்கு வானமே முதற்காரணம், மறுக்கவில்லை. ஆற்றின் அடியை மேடாக்கியதில் நம் பங்கும் உண்டு. கைவிட்ட குழிகளின் தேங்கு நீர் மலேரியா நுளம்புக்கு எத்தனை உகந்த இடம் என்று பழைய சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வார்கள். 2016 செப்டம்பரில் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார அமைப்பு நமக்குச் சான்று தந்தது, குழிகள் இருந்தும்.

இனி மின்ஹாஜுக்கு வருவோம். வல்லடியாக, அதாவது உரிமையில்லாத இடத்தில், ஒருவன் குழியோ கிணறோ தோண்டி அதில் ஒருவர் விழுந்து இறந்தால் நட்டஈட்டுப் பொறுப்பு உண்டு. தன் சொந்தக் காணியில் தோண்டினால் இல்லை. பொதுவழியில், போகிறவருக்கு இடைஞ்சலாகத் தோண்டினால் உண்டு. இடைஞ்சல் இல்லாமல், ஆட்சியாளரின் அனுமதியோடு தோண்டினால் இல்லை. இவ்வளவும் இன்றைய லைசன் முறைக்குப் பொருந்திப் போவதைப் பாருங்கள். அதற்குப் பிறகு ஒரு வழக்கைச் சொல்கிறார், அதுதான் என்னை நிறுத்திவைத்தது. ஒருவன் தன் சொந்த வீட்டின் நடைகூடத்தில் குழி தோண்டி வைத்திருக்கிறான், விருந்தாளியை உள்ளே அழைக்கிறான், வந்தவர் அறியாமல் விழுந்துவிடுகிறார். வீடும் அவனுடையது, குழியும் அவனுடையது. இருந்தும் வலுவான கருத்துப்படி அவனே பொறுப்பு. அழைத்தவன் அவன், குழி இருப்பதை அறிந்தவனும் அவன்தான்.

மறுபக்கம் ஒரு ஹதீஸ் இருக்கிறது, மாணிக்க வியாபாரிகள் சிலருக்கு அது நன்றாகவே தெரியும். கிணற்றால் நேர்ந்ததற்கும் சுரங்கத்தால் நேர்ந்ததற்கும் ஈடு இல்லை என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் வருவது. குழி சரிந்து ஆள் இறந்தபோது இந்த ஹதீஸைச் சொல்லிக் கையைக் கழுவியதை நான் காதால் கேட்டிருக்கிறேன். நவவி முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில் இதற்கு எல்லை போட்டிருக்கிறார். தன் காணியில் அல்லது யாருக்கும் சொந்தமில்லாத தரிசில் தோண்டியதற்கே அது பொருந்தும். வழியிலோ, பிறர் காணியில் அனுமதியின்றியோ தோண்டினால் பொருந்தாது. அப்போது நட்டஈடும் உண்டு, அதன் மேல் தவறுதலாகக் கொன்றவனுக்குரிய பரிகாரமான கஃப்பாராவும் உண்டு. கஃப்பாரா என்றால் இன்றைய நிலையில் இடைவிடாமல் இரண்டு மாத நோன்பு. தோண்டியவன் இறந்துபோன பிறகு ஒருவர் அந்தக் குழியில் விழுந்தாலும் கஃப்பாரா அவன் விட்டுப்போன சொத்தைத் தொடரும் என்பதே நம் மத்ஹபின் விரிவுரைகள் வலுப்படுத்தும் கருத்து.

அறக்கட்டளையைப் போலவே குழியும் ஆளைத் தாண்டி வாழ்கிறது. ஒன்றில் நன்மை ஓடுகிறது, மற்றதில் கடன்.

இதில் நிய்யத்து எங்கே? கேட்கப்படவே இல்லை. குழி தோண்டியவன் யாரையும் கொல்ல நினைக்கவில்லை என்பது இந்தச் சட்டத்தின் தொடக்கப் புள்ளியே. கொல்ல நினைத்திருந்தால் அது வேறு பாடத்துக்குப் போயிருக்கும். நல்ல மனிதர், ஐந்து நேரம் தொழுகிறவர், வியாபாரப் பொருளுக்கு ஒழுங்காக ஸகாத் கொடுக்கிறவர், தன் போக்கில் தோண்டிவிட்டுப் போன குழி. அதைப் பற்றித்தான் பேச்சு. மறுமையில் அவருடைய எண்ணம் அவரைக் காப்பாற்றலாம். விழுந்த பிள்ளையின் தாயிடம் அதைச் சொல்லித் தப்ப முடியாது.

எல்லோரும் அறிந்த கப்பல் ஹதீஸையும் இந்த இடத்தில் வைத்துப் படிக்கவேண்டும். மேல்தட்டில் சிலர், கீழ்த்தட்டில் சிலர். கீழே உள்ளவர்கள் தண்ணீருக்கு ஒவ்வொரு தடவையும் மேலே ஏறி, மேலிருப்பவர்களுக்குத் தொந்தரவு கொடுக்கவேண்டியிருக்கிறது. நம் பகுதியிலேயே ஓர் ஓட்டை போட்டுக்கொண்டால் அவர்களுக்குத் தொந்தரவு இராதே என்று நினைக்கிறார்கள். தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள், விட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். குத்பாக்களில் இதைத் தீமையைத் தடுப்பதற்கு உதாரணமாகச் சொல்வார்கள், ஓட்டை போட்டவன் கெட்டவன் என்று முடித்துவிடுவார்கள். அந்தக் கீழ்த்தட்டுக்காரரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அவர்களுடைய நிய்யத்து எவ்வளவு நல்லது! மேலிருப்பவருக்குச் சிரமம் வேண்டாம் என்கிறார்கள். தங்கள் பங்குக்குள்ளேயே காரியத்தை முடிக்கப் பார்க்கிறார்கள். எண்ணமும் சரி, உரிமைப் பேச்சும் சரி, கப்பல் மட்டும் மூழ்கும்.

இன்னொரு கேள்வியும் எனக்கு உண்டு. கீழ்த்தட்டில் ஏன் தண்ணீர் இல்லை? கப்பலைப் பகிர்ந்தபோது சீட்டுக் குலுக்கித்தான் தட்டுகளைப் பிரித்தார்கள், அதில் அநியாயம் இல்லை. சப்ரகமுவாத் தோட்டங்களில் யார் மேல்தட்டு, யார் கீழ்த்தட்டு என்பது சீட்டுக் குலுக்கி வந்ததல்ல. 1948இல் குடியுரிமையை இழந்தவர்கள், 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் தலை எண்ணிப் பிரிக்கப்பட்டவர்கள், 1977இலும் 1981இலும் 1983இலும் இந்த மாவட்டத் தோட்டங்களில் அடிபட்டு ஓடித் திரும்பியவர்கள் கீழ்த்தட்டில் இருக்கிறார்கள். நாள் சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வர 2021 ஆகவேண்டியிருந்தது. பகலில் தேயிலை நிறுத்து, இரவில் டோர்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு திருட்டுக் குழியில் இறங்கும் தோட்டத்துப் பையனை ஹராம், ஹலால் என்று கண்டிக்க எனக்கு வாய் வருவதில்லை. அவன் எடுத்த கல்லை விடியற்காலையில் பாதி விலைக்கு வாங்க நகரத்தில் காத்திருப்பவர் யார்? மேல்தட்டில் இருந்துகொண்டே ஓட்டையில் பங்கு வாங்குகிற அவரைப் பற்றித்தான் குத்பா வேண்டும். அப்படிப்பட்டவர்களில் நம்மவரும் உண்டு. தோட்டத்து ஆட்கள் "நானா" என்று வாய்நிறையக் கூப்பிடுவது அவரைத்தான்.

2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து மூன்று கிராமங்கள் மண்ணுக்குள் போனதை இந்த இடத்தில் இழுத்துப் பேச நான் விரும்பவில்லை. அது மழையின் காரியம், நூற்றுக்கும் அதிகமானவர்களின் துயரம், யாருடைய பாவத்துக்கும் கூலி அல்ல. இடுகாட்டில் நின்று பாவத்தைப் பற்றிப் பேசும் வழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் ஒத்துவந்ததில்லை. ஆனால் இன்றைக்குச் சரிவை வெட்டி வீடு கட்டுகிறவர், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அபாய அறிவித்தலை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு அறையை வாடகைக்கு விடுகிறவர், நடைகூடத்தில் குழி தோண்டி வைத்து விருந்தாளியை அழைத்தவர்தான். சொந்தக் காணி என்று அவர் சொல்லலாம். மின்ஹாஜ் அதை ஏற்காது.

அல்-ஹஷ்ர் சூராவின் 18ஆம் வசனம் ஒவ்வொருவரும் நாளைக்கென்று எதை முற்படுத்தி அனுப்பியிருக்கிறோம் என்று பார்க்கச் சொல்கிறது. முஃபஸ்ஸிர்கள் அந்த நாளையை மறுமை என்றே விளக்குகிறார்கள். நானும் அதைத்தான் நம்புகிறேன். குழிக்குப் பக்கத்தில் உடுப்புக் காயப்போட்ட அந்த அம்மாவுக்கு மட்டும் நாளை என்பது நாளைக் காலையே, பிள்ளைகள் பீலிக்குப் போகும் நேரம்.

அதனால் ஒரு சிறிய யோசனையோடு நிறுத்துகிறேன். நமது ஊரில் குழி தோண்டுமுன் பங்கு பேசும் வழக்கம் இருக்கிறது. பலர் அதைத் தாளில் எழுதிக் கையெழுத்தும் வைக்கிறார்கள். ஆதாயம் யாருக்கோ பாரமும் அவருக்கே என்பது நம் ஃபிக்ஹின் பழைய விதி. 19ஆம் நூற்றாண்டில் உஸ்மானியர் தொகுத்த மஜல்லாச் சட்டத்தில் 87ஆம் பிரிவாகவே அது இருக்கிறது. கல்லில் யாருக்கு எத்தனை பங்கோ குழியை மூடும் செலவிலும் அவருக்கு அத்தனை பங்கு என்று அதே தாளில் ஒரு வரி சேர்த்தால் போதும், புதிதாக ஒரு ஃபத்வா தேவையில்லை. மூடும் பணத்தைக் கல் விற்ற பிறகு எடுக்கக் கூடாது. கல் கிடைக்காத குழிகள்தான் அதிகம், அவைதான் திறந்து கிடக்கின்றன. மெஷின் வாடகை கட்டும் அன்றே எடுத்து, காணிக்காரரிடமும் கொடுக்காமல் லைசன்காரரிடமும் கொடுக்காமல், இருவரும் ஒப்பும் மூன்றாம் ஆளிடம் வைக்கவேண்டும். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை அந்த மூன்றாம் ஆளாக இருக்கலாம். பங்குகாரர் சிங்களவராக இருந்தால் விகாரையின் தாயக சபை இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தோட்டக் காணி என்றால் தோட்டத்துக் கோயில் கமிட்டியிடம் வைப்பதே முறை, குழிக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அவர்கள்தானே.